அத்தான் மாற்றிய என்ஜின்

அக்கா வேனைக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினாள். சாவியைத் திருப்பி அணைக்கும் வேலையைக்கூட அது அவளுக்கு வைக்கவில்லை. பிரேக்கை மிதித்ததும் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டுத் தானாகவே அடங்கிப்போனது.

"பாத்தியா? எல்லா சிக்னல்லயும் இதே கூத்துதான்," என்றபடி இறங்கினாள். "காலையிலேருந்து மூணு தடவை நின்னுடுச்சு. பின்னாடி வர்றவன் எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுறான்."

வேனுக்குள் வெள்ளை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தன. கிளினிக்குகளுக்கும் லாட்ஜுகளுக்கும் துணி துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அக்காவின் தொழில். அந்த வேன் இல்லாவிட்டால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதன் பழைய என்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்ததும், உடைப்புக்கு வந்த வேறொரு காரிலிருந்து ஒரு என்ஜினைக் கழற்றி வந்து அத்தான்தான் மாற்றிக் கொடுத்தார். அடுத்த மூன்றாவது மாதம் அவர் இல்லை. அவர் போய் இப்போது நான்கு மாதம்.

"மாத்தின நாள்லேருந்தே இப்படித்தான்டா," என்றாள். "சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டார். 'நல்லாத்தானே ஓடுது'ன்னுட்டுப் போயிடுவார்."

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. எங்கள் தொழிலில் அத்தானுக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். ஓடுகிற என்ஜின்மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, மரப்பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த வால்வு, எந்த பேரிங் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். டைமிங் வைப்பதும் அப்படித்தான். பிஸ்டன் மேலே வரும்போது, சரியான நொடியில் ஸ்பார்க் விழவேண்டும். முன்னே பின்னே போனால் என்ஜின் முரண்டு பிடிக்கும். நானெல்லாம் அதற்குப் பளிச் பளிச்சென்று மின்னும் டைமிங் லைட் வைத்துப் பார்ப்பேன். அத்தான், ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருகி, சத்தத்தைக் கேட்டே நிறுத்திவிடுவார். என் லைட்டைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "என்ன மாப்ளே, என்ஜினுக்கு போட்டோ எடுக்கிறியா?"

ஆனால் அவரும் நானும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. என் பட்டறை படுத்துவிட்ட சமயம் அது. வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். அவர் ஒரு காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தான், கடையை மூடிடலாம்னு இருக்கேன். உங்களோட வந்து சேர்ந்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அதைக் கேட்க முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லது, நல்லது. அக்கா வீட்லதான் இருக்கா, போய் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

கடையை மூடுகிறேன் என்றால் நல்லது நல்லது என்கிறாரே மனுஷன். வந்த வழியே திரும்பிவிட்டேன். பிறகு எப்படியோ தட்டுத்தடுமாறி பட்டறையை நிமிர்த்திவிட்டேன். அத்தான் வீட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. அவரைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அந்த 'நல்லது நல்லது' எனக்குள் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. இப்போது சொல்ல நா கூசுகிறது.

அவர் இறந்த விதமும் சரியில்லை. பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருவில் நடந்துபோயிருக்கிறார். சாலையோரம் தண்ணீர் தேங்கியிருந்ததால் நடுச்சாலைக்கு வந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. லாரி டிரைவர் ஸ்டேஷனில் அழுதுகொண்டே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "மூணு தடவை ஹாரன் அடிச்சேன் சார். அந்தாளு திரும்பிக்கூடப் பாக்கலை."

போலீஸ் அதை எழுதிக்கொண்டார்கள். ஊர் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. தெரிந்தேதான் போய் நின்றிருப்பாரோ, வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று ஆளாளுக்கு ஒன்று. அக்காவின் முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் காதுக்கு அது வந்துசேராமல் இருக்குமா? லாரி டிரைவர் பொய் சொல்கிறான் என்று நாங்கள் எல்லாரும் குதித்தபோது அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

*

பானெட்டைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டேன். அது உடம்பை உதறிக்கொண்டு ஓடியது. ஆக்சிலரேட்டரை விட்டால் மூச்சுத் திணறியது.

கருவி எதுவும் தேவைப்படவில்லை. பானெட் திறந்த உடனேயே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். கார்புரேட்டருக்குக் கீழே, பின்பக்கம், ஒரு விரல் நுழையாத அளவுக்குச் சின்னக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. இந்த என்ஜின் முன்பு இருந்த காரில் அதில் ஏதோ ஒரு ரப்பர் குழாய் மாட்டியிருந்திருக்கும். இந்த வேனில் அதற்கு வேலையில்லை. அப்படியானால் அதை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கலவையைக் கெடுக்கும். நான் விரலை வைத்து அடைத்தேன். சீறல் நின்றது. குலுக்கல் பாதியாகக் குறைந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. டாக்டரே கோட்டை விட்டிருக்கிறார்! புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூட இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு பானெட்டை மூடமாட்டான்.

"என்னடா சிரிக்கிறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ஓட்டையை அடைக்க மறந்துட்டார்."

"அவரா? மறந்துட்டாரா?"

ரப்பர் மூடி ஒன்றைத் தேடி எடுத்து அந்தக் குழாய்க்குப் போட்டேன். மீதிக் குலுக்கல் போகவில்லை. நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் என்ஜின் ஒரே அளவுக்குத்தான் தொய்ந்தது. அதாவது, நான்கும் வேலை செய்கின்றன. நான்கும் சேர்ந்தாற்போல் சோம்பிக் கிடக்கின்றன. அப்படியென்றால் டைமிங்.

என் டைமிங் லைட்டின் கிளிப் உடைந்து ஒரு வாரமாகியிருந்தது. அதைச் சொன்னதும் அக்கா, "அவர் பெட்டி வேன்லதான் இருக்கு, வேணும்னா பாரு," என்றாள்.

"அத்தான்கிட்ட லைட்டா? நீ வேற."

இருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில், மேல் தட்டிலேயே, அட்டைப் பெட்டிகூடக் கசங்காமல் புது டைமிங் லைட். அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சைவச் சாப்பாட்டுக்காரர் வீட்டில் மீன்முள்ளைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

மாட்டிப் பார்த்தேன். என்ஜினின் முன்பக்கம் சுற்றும் புல்லியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். லைட் மின்னும்போது அந்த வெட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். என்ஜின் உடம்பில் அதற்கென்று இருக்கும் கோட்டில், மயிரிழை பிசகாமல் நின்றது. லைட் சொல்வதைப் பார்த்தால் டைமிங் நூற்றுக்கு நூறு சரி. சத்தத்தைக் கேட்டால் படு மோசம்.

லைட்டை நம்புவதா, காதை நம்புவதா? அத்தானாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

என்ஜினை அணைத்து, முதல் பிளக்கைக் கழற்றினேன். அந்தத் துளைக்குள் நீளமான ஒன்றை விட்டு, பிஸ்டன் உண்மையில் எப்போது உச்சிக்கு வருகிறது என்று பார்க்கலாம். அத்தானின் பெட்டியிலிருந்து அந்த மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துளைக்குள் நிறுத்தினேன். புல்லியைக் கையால் மெள்ள மெள்ளச் சுற்றினேன். ஸ்க்ரூ டிரைவர் மேலே ஏறி, ஏறி, நின்றது. அதுதான் உச்சி. குனிந்து வெட்டைப் பார்த்தேன். கோட்டுக்கு வர அதற்கு இன்னும் ஒரு விரற்கடை பாக்கி இருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. பெல்ட் பொருந்தவேண்டும் என்பதற்காகப் பழைய என்ஜினின் புல்லியைக் கழற்றிப் புது என்ஜினில் போட்டிருக்கிறார். அந்த வெட்டு பழைய என்ஜினுக்கானது. இதில் அது தப்பான இடத்தைக் காட்டுகிறது. அதை நம்பி வைத்ததால் ஸ்பார்க் ஒவ்வொரு முறையும் பிந்தி விழுகிறது. யாருக்கும் வரக்கூடிய தப்புதான். ஆனால் என்ஜினை ஓடவிட்டு இரண்டு நொடி கேட்டிருந்தால் போதும், லைட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

கேட்டிருந்தால்.

ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுத்தேன். மரப்பிடி கையில் சொரசொரவென்று நெருடியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிடியின் முனையைச் சுற்றி, மேலும் கீழும், பல் பதிந்த தடங்கள். ஒன்றிரண்டல்ல. பிடியைக் காதில் வைக்கிற ஆள், பல்லில் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதிர்வாவது எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறாதா என்று.

"அக்கா," என்றேன். "அத்தானுக்குக் காது நல்லா கேட்டுச்சா?"

*

"என்ன கேள்வி இது?" என்றுதான் அவள் முதலில் சொன்னாள். பிறகு ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

"டிவியை அலறவிடுவார். எனக்கு எரிச்சல் வரணும்னே செய்றார்னு நினைச்சுக்கிட்டேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போன் வந்தா என் கையில குடுத்துடுவார். 'நீயே பேசு, எனக்கு வேலை இருக்கு'ம்பார். நான் அடுப்படியிலேருந்து கூப்பிட்டா வரமாட்டார். பக்கத்துல வந்து நின்னு பேசினா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பார். என்ன இப்படி முறைக்கிறீங்கன்னு சண்டை போட்டிருக்கேன்டா." அவள் குரல் தேய்ந்தது. "உதட்டைப் பாத்திருக்கார்."

உறுதியாகத் தெரியவேண்டும் என்று தோன்றியது. டைமிங் லைட்டின் அட்டைப் பெட்டியில் உதிரிபாகக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் எனக்கும் தெரிந்தவர். போன் போட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் தம்பி," என்றார். "ரெண்டு மூணு வருஷமாவே மோசம். என்ன வேணும்னாலும் எழுதித்தான் குடுப்பார், நானும் எழுதிக் காட்டுவேன். மெஷின் வெச்சுக்குங்க டாக்டரேன்னேன். 'காதுல மெஷினோட நின்னா எவன்யா என்கிட்ட வண்டியை விடுவான்'னார். வீட்டுல தெரிஞ்சா பயந்துடுவாங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு கையைப் புடிச்சுக்கிட்டார்."

அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். போனை வைத்ததும் அவள், "கடைக்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது," என்றாள். "இருபத்தாறு வருஷம்டா."

நான் என் கதையைச் சொன்னேன். கடையை மூடப் போகிறேன் என்றதற்கு அவர் நல்லது நல்லது என்றதை. "கடையை மூடிட்டு அக்காவைப் பாக்க வந்திருக்கேன்னு சொன்னதா நினைச்சிருப்பார்," என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்தோம். சிரிப்பு முடியும் இடத்தில் அவள் அழ ஆரம்பித்தாள்.

நான்கு மாதமாக அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்போ, அன்னிக்குக் காலையில நான் சொன்னது?"

"என்ன சொன்னே?"

"வேன் அன்னிக்கும் கிளினிக் வாசல்ல நின்னுடுச்சு. ஆபரேஷனுக்கு விரிப்பு வேணும், அங்க இருக்குற நர்ஸம்மா எல்லார் எதிர்லயும் என்னைக் கிழிச்சுட்டாங்க. வந்த ஆத்திரத்துல இருந்தேன். அவர் வாசப்படியில உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தார். நான் பின்னாடி நின்னு, 'இந்த வண்டியோட சேர்ந்து நீங்களும் எங்கயாவது தொலைஞ்சு போங்க'ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கலை. எழுந்து போயிட்டார். பதினோரு மணிக்கு ஸ்டேஷன்லேருந்து ஆள் வந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் இன்னொரு மூட்டையில் உட்கார்ந்தேன்.

"நான் சொன்னதுக்குத்தான் போய் நின்னார்னு நினைச்சேன்," என்றாள். "ஹாரன் அடிச்சேன்னு அந்த டிரைவர் சொன்னான்ல? நான் அவனை நம்பினேன். இத்தனை பேர்ல நான் ஒருத்திதான் நம்பினேன்."

"அக்கா, அவருக்கு அது கேக்கவே இல்ல. நீ பின்னாடிதானே நின்னே?"

"பின்னாடிதான்."

"அப்போ கேக்கவே இல்ல."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பாரத்தை இறக்கி வைத்த கையோடு இன்னொன்றைத் தூக்கிக்கொண்ட மாதிரிதான் அவள் முகம் இருந்தது. "நல்லபடியா எத்தனை சொல்லியிருப்பேன், அவர் முதுகுப் பக்கமா நின்னு," என்றாள். "அதுவும்தானே கேக்காம போச்சு."

துணி கொடுக்கவேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையை முடிக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். உண்மையான உச்சியில் புல்லியை நிறுத்தி, கோட்டுக்கு நேராக வெள்ளைப் பெயின்ட்டில் புதிதாக ஒரு அடையாளம் போட்டேன். பிளக்கை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தினேன். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் டிஸ்ட்ரிபியூட்டரை நூல் நூலாகத் திருப்பினேன். புது அடையாளம் லைட்டில் நகர்ந்து நகர்ந்து, நிற்கவேண்டிய இடத்துக்கு வந்தது. வர வர, என்ஜினின் உதறல் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் என்ஜின்மேல் வைத்த தண்ணீர்த் தம்ளர் சிந்தாமல் நின்றது. போல்ட்டை முடுக்கினேன்.

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அணைக்கச் சொல்லவில்லை.

*

அடுத்த வாரம் அந்த லாரி டிரைவரைத் தேடிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அவன் லாரி ஓட்டுவதை விட்டிருந்தான். ஒரு கிடங்கில் மூட்டை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருப்பா," என்றாள் அக்கா. "நீ ஹாரன் அடிச்சே. அவருக்குத்தான் காது கேக்காது. எங்களுக்கே தெரியலை."

அவன் உட்காரவில்லை. "எங்க வீட்டுலகூட நம்பலைம்மா," என்றான். "தூங்கிட்டு இருந்திருப்பேன்னுதான் நினைக்கிறாங்க." பிறகு, "ஆனா நான் பிரேக்கையும் புடிச்சிருக்கலாம்மா. நகர்ந்துடுவார்னு நினைச்சுட்டேன்," என்றான். கிளம்பும்போது அக்கா அவன் தோளை ஒருமுறை தொட்டாள். ஸ்டேஷனுக்குப் போய், கடைக்காரர் சொன்னதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதோடு விட்டாளா? "நீயும் இருபது வருஷமா அதே சத்தத்துலதானே நிக்கிறே," என்று என்னையும் இழுத்துக்கொண்டு காது பரிசோதனைக்குப் போனாள். நான் எவ்வளவோ சாக்குச் சொன்னேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும்.

முதலில் நன்றாகக் கேட்டது. டொக் டொக்கென்று அமுக்கினேன். பிறகு சத்தம் மெலிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் ஒன்றும் இல்லை. அனுப்புகிறார்களா, அனுப்பி எனக்குத்தான் கேட்கவில்லையா? வியர்த்துவிட்டது. கேட்டது போலவே ஒருதரம் அமுக்கினேன்.

ஹெட்போனில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "சார், இப்ப நான் எதுவும் போடலையே."

கையில் பட்டனோடு தலையைக் குனிந்துகொண்டேன். அத்தான் இப்படி எத்தனை பேருக்கு 'நல்லது நல்லது' சொல்லியிருப்பார்.

வெளியே வந்தபோது அக்கா பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "இடது காது கொஞ்சம் போயிடுச்சாம்," என்றேன்.

அவள் எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள். "சரி, ஒண்ணு விடாம முழுசாச் சொல்லு," என்றாள்.